காத்து வாசலோட நின்னுருது

எங்க ஊருக்கு யாரு வந்தாலும் மொதல்ல பேசுறது காத்தைப் பத்தித்தான். சாயல்குடி தாண்டி நரிப்பையூர் பக்கம் பஸ்ஸ விட்டு எறங்குனா முந்தானைய ஒரு கையால புடிச்சுக்கிட்டுத்தான் நடக்கணும், வைகாசி ஆனியில கச்சான், அதான் மேக்காத்து, அடிச்சா மண்ணு கண்ணுல விழும், கொடியில போட்ட துணி பறந்து போயி உடைமரத்து முள்ளுல மாட்டிக்கிட்டு நிக்கும். "ஒங்களுக்கென்ன, கடல் காத்து, நோயே வராது"ன்னு டவுனுக்காரவுக சொல்லுவாக. நானும் அப்படியே நெனச்சுத்தான் வளந்தேன், எங்க அம்மாவுக்கு அம்பத்தெட்டு வயசுல வாசல்லருந்து அடுப்படிக்கு ஒரு கொடம் தண்ணி கொண்டு வர்றதுக்குள்ள ரெண்டு எடத்துல நின்னு மூச்சு வாங்குற நெலம வர்ற வரைக்கும்.

மொதல்ல காட்டுன ஆஸ்பத்திரியில "வீட்டுல யாரும் பீடி சிகரெட் குடிப்பாங்களா"ன்னு கேட்டாக, இல்லன்னோம். "வெறகடுப்பா கேஸா"ன்னு கேட்டாக, கேஸுதான்னு அம்மா சொல்லுச்சு, நானும் பக்கத்துல தலையாட்டுனேன். பொய் இல்ல, வீட்டுல கேஸ் வந்து பல வருசமாச்சு. அலர்ஜின்னு சொல்லி மாத்திரை எழுதிக் குடுத்தாக, அதை ரெண்டு வருசம் தின்னுச்சு. நெஞ்சுக்குள்ள கெர்ரு கெர்ருங்குற சத்தம் மட்டும் போகவே இல்ல. அப்புறம் வேற ஒரு எடத்துல, ஒரு லேடி டாக்டர், அம்மா கையப் புடிச்சுப் பாத்துட்டு கேட்டாங்க, "நீங்க என்னம்மா வேலை பாத்தீங்க?" அம்மா சாதாரணமா சொல்லுச்சு, "பதனி காச்சுவேன் தாயி, முப்பத்தஞ்சு வருசமா."

அந்த எடத்துலதான் எனக்கு பொறி தட்டுச்சு. வெறகடுப்பான்னு கேட்டப்ப எங்க ரெண்டு பேருக்குமே விடிலி ஞாபகத்துக்கு வரல. ஏன்னா விடிலி எங்களுக்கு அடுப்படி இல்ல, அது வேலை. பொம்பளைங்க செய்யிற வேலைய யாரும் வேலைன்னு கேக்குறதும் இல்ல, அவுகளும் சொல்றது இல்ல.

விடிலி தெரியாதவங்களுக்கு சொல்றேன். கருப்பட்டி காச்சுறதுக்குன்னு பனைக்காட்டுக்குள்ள போடுற ஓலைக் குடிசை. குனிஞ்சுதான் உள்ள போகணும். சுத்தி ஓலை, மேல ஓலை, ஒரு பக்கம் மட்டும் வாசல். காத்துல அடுப்பு அலையக்கூடாது, மண்ணு பாகுல விழுகக்கூடாதுன்னு வேணும்னே அடைச்சுத்தான் கட்டுவாக. நடுவுல மண்ணுல குழி அடுப்பு, அதுமேல பெரிய வட்டை. விடியக்காலையில அப்பா எறக்கிக் கொண்டாந்த பதனிய வடிகட்டி ஊத்தி, சீமக்கருவ வெறகையும் காஞ்ச ஓலையையும் மட்டையையும் மாத்தி மாத்தித் தள்ளணும். பத்து லிட்டர் காச்சுனா ஒரு கிலோ, ஒண்ணேகால் கிலோ கருப்பட்டி தேறும், மிச்சம் பூராம் ஆவியாத்தான் போகும், அப்ப எவ்வளவு நேரம் எரிக்கணும்னு பாத்துக்கங்க, ஒரு வட்டைக்கு மூணு மணி நேரம் நாலு மணி நேரம். பொங்கி வழியுறப்ப ஆமணக்கு கொட்டமுத்த நசுக்கி ஒரு சிட்டிகை போட்டா அடங்கிரும். கடைசி அரை மணி நேரம் பதம் பாக்கணும், அப்ப வட்டைய விட்டு அங்கிட்டு இங்கிட்டு நகர முடியாது, ஒரு நிமிசம் தப்புனா காந்திப்போகும், அன்னைக்கு சம்பாத்தியம் போச்சு. அந்த அரை மணி நேரமும் அம்மா மொகத்தை வட்டைக்கு மேலயே வச்சிருக்கும், ஆவி ஒரு பக்கம், பொகை ஒரு பக்கம், கண்ணுலருந்து தண்ணி கொட்டும், அதை தோளாலயே தொடச்சுக்கும், கை துடுப்ப விடாது. பாகு எறக்கி செரட்டையில ஊத்துனதுக்கு அப்புறம்தான் வெளிய வந்து வேப்பமரத்தடியில உக்காந்து இருமும்.

மாசியில ஆரம்பிச்சா ஆடி வரைக்கும் தெனம். நானும் தம்பியும் பள்ளிக்கூடம் விட்டு நேரா விடிலிக்குத்தான் போவோம், ஒரு செரட்டை கூழ்பதனி கெடைக்கும்னு. சின்னப்புள்ளையில எங்க புத்தகப்பை, தலைமுடி எல்லாத்துலயும் அந்த வாசம்தான். அந்த வாசம் எனக்கு இன்னமும் புடிக்கும், பொய் சொல்ல மாட்டேன், எங்கயாவது ஓலை எரியிற வாசம் வந்தா அம்மா ஞாபகம்தான் வரும்.

அந்த டாக்டர் ஒரு குழாய்ல ஊதச் சொல்லி டெஸ்ட் எடுத்தாங்க. சி.ஓ.பி.டி.ன்னாங்க. நெறைய வருசம் சிகரெட் குடிச்சவங்களுக்கு வர்ற அதே நோய். மூச்சுக்குழாய் வீங்கி சுருங்கி, நுரையீரலோட சின்னச் சின்ன காத்துப்பை ஒடைஞ்சு போயிருதாம், ஒடைஞ்சது திரும்ப வராது, இருக்கிறத காப்பாத்தலாம். நம்ம நாட்டுல இந்த நோய் வந்து, பீடிய தொட்டே பாக்காத பொம்பளைங்க எத்தனையோ பேரு இருக்காங்கன்னு சொன்னாங்க. அம்மா அதைக் கேட்டுட்டு வெளிய வந்து என்கிட்ட ரொம்ப மெதுவா, "நான் ஒரு நாளும் பீடி குடிச்சதில்லன்னு அந்தம்மாவுக்குத் தெரியும்ல"ன்னு கேட்டுச்சு. அதுக்கு நான் என்ன பதில் சொன்னேன்னு கூட ஞாபகம் இல்ல, கையப் புடிச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தோம்.

அன்னையிலருந்து ராத்திரி ராத்திரி ஒக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். பொகையில கண்ணுக்குத் தெரியிற கரி, மூக்குல வர்ற கறுப்பு, இதெல்லாம் கூட பரவாயில்லையாம், மூக்கும் தொண்டையும் அதை புடிச்சு வெளிய தள்ளிரும். பெரிய ஆபத்து பி.எம் 2.5ங்குற தூசி, அதாவது 2.5 மைக்ரானுக்கும் சின்னது, நம்ம தலைமுடி கனத்துல ஏறக்குறைய முப்பதுல ஒரு பங்கு. அது நுரையீரலோட அடி வரைக்கும் போயிரும், அதுலயும் ரொம்ப நுணுக்கமானது ரத்தத்துலயே கலந்துரும். அதனாலதான் பொகை நெஞ்சோட நிக்கிறது இல்ல, மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் கேன்சர், கண்ணுல பொரை விழுகுறது, சின்னப் பிள்ளைகளுக்கு நிமோனியா வரைக்கும் போகுது. உலக சுகாதார நிறுவனம் 2021ல போட்ட அளவுப்படி ஒரு கன மீட்டர் காத்துல இந்த தூசி வருச சராசரியா 5 மைக்ரோகிராமுக்கு மேல இருக்கக்கூடாது, ஒரு நாள் கணக்குன்னா 15. நம்ம நாட்டு சட்டப்படி ஒரு நாளைக்கு 60 வரைக்கும் போகலாம், வருசத்துக்கு 40. வெறகடுப்பு எரியிற அடைச்ச அடுப்படியில இது நூத்துக்கணக்குல போகும்.

2019ல மட்டும் இந்தியாவுல வீட்டுக்குள்ள அடுப்புப் பொகையால ஆறு லட்சம் பேர் செத்திருக்காங்கன்னு மறு வருச கடைசியில வந்த கணக்கு சொல்லுது. 1990ல இருந்து பாத்தா அந்த சாவு விகிதம் பாதிக்கும் மேல கொறஞ்சிருக்கு, கேஸ் வந்ததுக்கு அதுல பெரிய பங்கு இருக்கு, அதை சொல்லாம விட்டா நியாயம் இல்ல. நம்ம தமிழ்நாட்டுல 2007 வாக்குல எலவசமா கேஸ் அடுப்பு குடுத்தது, அப்புறம் 2016ல உஜ்வாலா, ரெண்டும் எங்க பக்கத்து வீடுகளுக்குள்ள வந்துச்சு. ஆனா சிலிண்டர் வந்ததும் வெறகு போயிரல. காப்பி, சோறு கேஸ்ல. குளிக்க சுடுதண்ணி, மீன்கொழம்பு, கருவாட்டுக் கொழம்பு, நெல்லு அவிக்கிறது, மாட்டுக்கு கஞ்சி எல்லாம் பின்னாடி வெறகடுப்புல. ஏன்னா சீமக்கருவ சும்மா கெடைக்குது, வெட்டுனாலும் வெட்டுனாலும் மொளைக்குது, எங்க மாவட்டத்துல வேற மரம் இருக்கோ இல்லையோ அது இருக்கு. சிலிண்டருக்கு மொத்தமா காசு எண்ணி வைக்கணும். மாசக் கடைசியில ஒரு வீட்டுல எந்த அடுப்பு எரியும்னு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

இதைப் பத்தி நம்ம ஊர்லயே பெரிய ஆராய்ச்சி நடந்திருக்குன்னு தெரிஞ்சப்ப ஆச்சரியமா இருந்துச்சு. சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மெடிக்கல் யுனிவர்சிட்டில கல்பனா பாலகிருஷ்ணன்னு ஒரு பேராசிரியர், கிராமத்து அடுப்படிப் பொகைய பல வருசமா அளந்துக்கிட்டு வர்றவங்க. ஹேப்பின் (HAPIN)னு அவங்களும் சேந்து செஞ்ச ஒரு ஆய்வு, இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாலு நாட்டுலயும் சேத்து 3200 கர்ப்பிணிங்க. இந்தியாவுல எங்கன்னா விழுப்புரம், நாகப்பட்டினம். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் எலவசம், மீதிப் பேரு வழக்கம் போல வெறகு. கேஸ்காரவுக சுவாசிச்ச தூசி 24 மைக்ரோகிராம் கிட்ட, வெறகுக்காரவுக 70 கிட்ட. மூணுல ஒரு பங்கா கொறஞ்சிருச்சு. ஆனா 2022ல முடிவு வந்தப்ப பொறந்த பிள்ளைகளோட எடையில சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல.

இதைப் படிச்சதும் எனக்கு மனசு ஒடைஞ்சு போச்சு. அப்ப கேஸ் குடுத்து பிரயோசனம் இல்லையான்னு ரெண்டு நாளு அதே யோசனை. அப்புறம்தான் ஒரு விசயம் மனசுல பதிஞ்சுச்சு. அந்தப் பொண்ணுங்க கர்ப்பமான சில மாசத்துலதான் கேஸ் வருது, அதுக்கு முன்னாடி இருபது வருசம் அவுங்க அம்மா அடுப்புக்கு பக்கத்துல வளந்திருக்காங்க. எடை ஒண்ணு மட்டும்தான் ஒடம்பா? எங்க அம்மாவுக்கு மூச்சு வாங்குறது பிரசவத்துல தெரியல, அம்பத்தெட்டுல தெரிஞ்சுச்சு. பொகை கொறஞ்சது நெசம், அதோட பலன் எதுல எப்ப தெரியும்ங்குறது வேற கணக்கு. அந்த ஆய்வ செஞ்சவங்க எதிர்பாத்த முடிவு வரலன்னு மறைக்காம வெளியிட்டாங்களே, அதுக்காகவே எனக்கு அவங்க மேல மரியாதை.

சரி, அம்மா கதை விடிலிக் கதை. எனக்கென்ன, நான் ராமநாதபுரம் டவுன்ல ஓட்டு வீடு கூட இல்ல, கான்கிரீட் வீட்டுல வாடகைக்கு இருக்கேன், கேஸ் அடுப்பு, ஏ.சி. ரூம்னு நெனச்சேன். அப்பத்தான் எம் மகனுக்கு ராத்திரியில இழுப்பு வர ஆரம்பிச்சுச்சு, ஆறு வயசு. பகல்ல ஓடியாடித் திரியுறான், ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு ஒக்காந்து விசில் மாதிரி இழுக்குறான்.

சென்னையில இருக்க ஃப்ரெண்டு ஒருத்தி காத்துல தூசி அளக்குற சின்ன மீட்டர் ஒண்ணு வச்சிருந்தா, கையடக்கமானது, லீவுக்கு வந்தப்ப குடுத்துட்டுப் போனா. வாசல்ல வச்சேன், கடல் பக்கத்துலருந்து காத்து வந்துக்கிட்டிருந்த நேரம், எண்ணு ரொம்பக் கம்மி. எனக்கு அவ்வளவு பெருமை. அப்புறம் அடுப்படி. ஜன்னல அடைச்சிட்டு சாளை மீனு பொரிச்சேன், கேஸ்லதான், மூணு இலக்கத்துக்கு ஏறிருச்சு. எண்ணெ பொகையறதே போதும், அடுப்பு எதுவா இருந்தாலும். ஆனா என்னைய குலை நடுங்க வச்சது அன்னைக்கு ராத்திரி. கதவ சாத்தி, ஜன்னல சாத்தி, ஏ.சி. போட்டு, அவன் கட்டிலுக்கு அடியில வழக்கம் போல கொசுவர்த்திச் சுருள் ஏத்தி வச்சு, பக்கத்துல மீட்டரயும் வச்சுட்டு ஒக்காந்து பாத்தேன். எண்ணு ஏறுது, ஏறுது, நிக்கவே இல்ல. மீன் பொரிச்சப்ப வந்தத தாண்டி எங்கயோ போச்சு. அதுக்கு மேல எம்புள்ள தூங்குறான், வாயத் தொறந்துக்கிட்டு.

ஏ.சி. வெளிக்காத்த உள்ள கொண்டாராதுங்குறது எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். ஸ்ப்ளிட் ஏ.சி. ரூமுக்குள்ள இருக்க அதே காத்தையே திரும்பத் திரும்ப இழுத்து குளுப்பாட்டி விடுது, அவ்வளவுதான். கொசுவர்த்தியைப் பத்தி 2003லயே ஒரு ஆராய்ச்சி வந்திருக்கு, சீனா, மலேசியா சுருள்கள எரிச்சுப் பாத்திருக்காங்க, ஒரு சுருள் முழுசா எரிஞ்சா வர்ற நுண்தூசி 75ல இருந்து 137 சிகரெட்டுக்கு சமம்னு போட்டிருக்காங்க. ஒரு சின்னப்புள்ள பெரியவங்கள விட வேகமா மூச்சு விடும், ஒடம்பு எடைக்கு பாத்தா நம்மள விட அதிகக் காத்து உள்ள போகுது, நுரையீரல் இன்னும் வளந்துக்கிட்டே இருக்கிற வயசு வேற. எங்க அம்மாவுக்கு விடிலிய நான் தெரிஞ்சு கட்டிக் குடுக்கல. எம் மகனுக்கு தெனம் ராத்திரி என் கையால தீக்குச்சி கிழிச்சு ஒரு விடிலி கட்டிக் குடுத்திருக்கேன். இதை எழுதுறப்ப இப்பவும் தொண்டை அடைக்குது.

ஏன் எல்லாத்தையும் அடைக்கிறோம்? கொசு ஒண்ணு. மண்ணு ஒண்ணு. உப்புக்காத்துல டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் துருப்புடிச்சு போகுதுன்னு ஒண்ணு. நெருக்கமா வீடு கட்டி எதுத்த வீட்டு ஹால் நம்ம பெட்ரூமுக்குள்ள தெரியுதுன்னு ஒண்ணு. எல்லாமே நெசமான காரணம், யாரையும் குத்தம் சொல்ல முடியாது. கீழக்கரையில பழைய வீடுகள பாத்திருக்கீங்களா, நடுவுல முத்தம், ஒசரமான கூரை, கனமான சுண்ணாம்புச் சுவரு. சூடும் பொகையும் மேல ஏறி முத்தத்து வழியா போயிரும், காத்து வாசல் வழியா வந்து சேரும். எங்க ஊரு ஓலை வீட்டுலயும் அப்படித்தான், பொகை கூரை வழியா கசிஞ்சு போகும், போற வழியில ஓலையப் பூச்சி அரிக்காம பாத்துக்கும், அடுப்புக்கு மேல பரண்ல வெதையும் கருவாடும் கெடாம இருக்கும். அந்த வீடு சொகமான வீடுன்னு சொல்ல வரல, தீப்புடிச்சா எல்லாம் போச்சு, புயல் அடிச்சா கூரை கெடையாது. ஓலைக்கு பதிலா கான்கிரீட் வந்தது நல்லதுதான். ஆனா கூரைய மாத்துனப்ப பொகை போற வழிய யாரும் கேக்கல. ஆறடிக்கு எட்டடி அடுப்படி, தலைக்கு மேல ஒரு சின்ன ஓட்டை ஜன்னல், அதுலயும் அட்டைய வச்சு அடைச்சிருப்பாக. மண்டபம் இலங்கைத் தமிழர் கேம்ப்ல எனக்குத் தெரிஞ்ச அக்கா வீட்டுல ஒரே ரூம்தான், அதுலயே சமைக்கணும், படிக்கணும், படுக்கணும், அஞ்சு பேரு. ஒருத்தருக்கு டி.பி. இருமல் வந்தா மத்த நாலு பேருக்கும் பரவ அந்த காத்தே போதும். ஜன்னல தொறங்கன்னு அவுகளுக்கு எப்படி நான் சொல்றது, ஜன்னல் இருக்கணும்ல.

இன்னொண்ணு ஓதம். கடக்கர ஓரத்து வீடு எல்லாத்துக்கும் தெரியும், ஐப்பசி மழை விழுந்துச்சுன்னா சுவரு கீழ இருந்து ரெண்டடிக்கு ஈரம் ஏறி, பெயிண்டு பொரிஞ்சு உதிரும், பீரோவுக்குப் பின்னாடி கறுப்பா பூசணம் பூத்திருக்கும். உப்பு கலந்த மணல்ல கட்டுனா அந்த உப்பு காத்துல இருக்க ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும், எத்தனை தடவ பெயிண்டு அடிச்சாலும் நிக்காது. ஓதம் அடிக்கிற வீட்டுல வளர்ற பிள்ளைகளுக்கு ஆஸ்துமா, இருமல் தொந்தரவு கூடுதுன்னு உலக சுகாதார நிறுவனமே 2009ல சொல்லியிருக்கு. பீரோவ சுவத்துலருந்து ஒரு ஜாண் தள்ளி வச்சேன், பின்னாடி பூத்திருந்தத சோப்புத்தண்ணி போட்டு மூக்கைக் கட்டிக்கிட்டு தேச்சு எடுத்தேன். அவன் கட்டில் அந்த சுவத்தை ஒட்டித்தான் கெடந்துச்சு.

சாம்பிராணி பத்தி சொன்னா எங்க வீட்டுலயே சண்டை வரும், இருந்தாலும் சொல்றேன். பச்சப்புள்ளைய குளிப்பாட்டி தலைக்கு சாம்பிராணிப் பொகை காட்டுறது எங்க பக்கத்துல கட்டாயம். நெருப்புக் கங்கை ரூமுக்குள்ள வச்சு கதவ சாத்திக்கிட்டு காட்டுவாக. பொகை மட்டும் இல்ல, கரித்துண்டு எரியிறப்ப கார்பன் மோனாக்சைடு வருது, அதுக்கு வாசமே கெடையாது, ரத்தத்துல ஆக்சிஜன விட இருநூறு மடங்குக்கு மேல கெட்டியா ஒட்டிக்கும். கரிமூட்டம் போடுறவுக "தலை கிறுகிறுங்குது"ன்னு சொல்றது அதுதான். மழைக்கு குளிருதுன்னு கரியடுப்ப ரூமுக்குள்ள வச்சுக்கிட்டு தூங்குனவுக எந்திரிக்காம போயிருக்காக. தயவுசெஞ்சு பச்சப்புள்ள இருக்க ரூமுல கங்கு வைக்காதீங்க. துண்டால தொவட்டுனாலே அந்தத் தலை காஞ்சிரும்.

எங்க வீட்டுல சுருள நிறுத்தி ரெண்டு வருசமாச்சு. கொசுவலைதான், நல்ல பழைய நூல் வலை. ஜன்னலுக்கு வெல்க்ரோ ஒட்டுற நெட் அடிச்சோம், சாயந்தரம் ஆறு மணிக்கு முன்னாடி ஒரு மணி நேரம் எல்லாத்தையும் தொறந்து போட்டுருவேன், மீன் பொரிச்சா எக்ஸாஸ்ட் ஃபேன். ஏ.சி. போட்டா படுக்கப்போறதுக்கு முன்னாடி பத்து நிமிசம் ஜன்னல தொறந்து விட்டுட்டுத்தான் அடைக்கிறது. மகனுக்கு இழுப்பு முழுசா போயிருச்சுன்னு சொல்ல மாட்டேன், மழைக்காலத்துல வருது, இன்ஹேலர் இருக்கு. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு விசில் சத்தம் கேட்டு நாளாச்சு.

இன்ஹேலர்னதும் ஞாபகம் வருது, "அதை வச்சா பழகிரும், விடவே முடியாது"ன்னு எங்க ஊர்ல ஆளாளுக்கு அம்மாகிட்ட சொல்லி வச்சிருந்தாக, அதனால அது ஆறு மாசம் டப்பாவ தொடவே இல்ல. மாத்திரை ஒடம்பு பூராம் சுத்தி நுரையீரலுக்குப் போகுது, இன்ஹேலர் நேரா அங்கயே போகுது, அதனால ரொம்பக் கொஞ்சம் மருந்தே போதும்னு அந்த லேடி டாக்டர் படம் போட்டு காட்டுன பின்னாடிதான் எடுத்துச்சு.

விடிலிய விட்டுருன்னு நானும் தம்பியும் கெஞ்சிப் பாத்தோம். "காச்சலன்னா ஏறுற பதனிய கடல்லயா ஊத்துறது"ன்னு கேட்டுச்சு. இப்ப தம்பிதான் ஏறுறான், அவன் சம்பாத்தியமே அதுதான், கேஸ்ல காச்சுனா கருப்பட்டிய என்ன வெலைக்கு விக்கிறது. அதனால போன மாசியில விடிலிய பிரிச்சு வேற மாதிரி கட்டுனோம். கூரைய மூணடி ஒசத்தி, உச்சியில ரெண்டு சாய்ப்பும் சேர்ற எடத்துல ஒரு முழம் எடவெளி விட்டு, அதுக்கு மேல தனியா ஒரு சின்ன ஓலைத்தொப்பி. வெறகு தள்ளுற வாய வெளிப்பக்கமா திருப்பி, அடுப்புக்கும் அம்மா ஒக்கார்ற எடத்துக்கும் நடுவுல இடுப்பு ஒசரத்துக்கு மண்சுவரு. கொண்டல்ங்குற கீழக்காத்து அடிக்கிற மாசத்துல ஒரு பக்கம் தட்டிய எடுத்துரலாம், கச்சான் வந்தா அந்தப் பக்கம் அடைச்சுட்டு இந்தப் பக்கம் எடுத்துக்கலாம். பச்ச வெறகு கூடாது, நல்லா காஞ்சதுதான், வெறகு தள்ளுறது தம்பி பொண்டாட்டியும் அம்மாவும் மாத்தி மாத்தி. மீட்டரு வச்சுப் பாத்தேன், பழைய விடிலியில பாத்ததுல பாதிக்கும் கீழ. இன்னும் அதிகம்தான்.

போன வாரம் போன் பண்ணுச்சு. மூச்சு எப்படிம்மா இருக்குன்னு கேட்டேன். அதுக்கு பதில் இல்ல. "ஏத்தா, ஒங்க புது விடிலியில காத்து ரொம்ப வருது, பாகுல மண்ணு விழுகுது, இன்னைக்கு ரெண்டு வட்டை கருப்பட்டி நறநறங்குது, யாவாரி எடுக்கமாட்டேங்குறான், மேல ஒரு வெள்ளத்துணி கட்டணும், நீ வர்றப்ப நாலு மொழம் வாங்கிட்டு வா"ன்னுச்சு. இவ்வளவையும் ஒரே மூச்சுல சொல்லுச்சு. நாலு மொழம் இல்ல, எட்டு மொழம் வாங்கி வச்சிருக்கேன், ஞாயித்துக்கெழம போறேன்.